மேஜருக்கு அடுத்த ஊசி எப்போது?

பிராணிகள் கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்ப்பவளை நாய் கடிப்பது அபூர்வம். அந்த வேலையை நாயின் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். மலேசியத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில், பர்மா ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன கிளினிக்கில் பல வருஷமாக இந்தக் கடியை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். பேங்கிலோ மருந்துக் கடையிலோ கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் முடிவெடுப்பார், வெளியே இருப்பவள் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் டாக்டர் கோமதி எடுத்த முடிவு இதுதான். அதுவரை நாயோ பூனையோ, எல்லாவற்றுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை தடுப்பூசி. இனிமேல் அப்படி இல்லை. குட்டியில் ஒழுங்காகப் போட்டு, ஒரு வயதில் இன்னொன்றும் போட்டாகிவிட்டால், முக்கியமான ஊசிகளை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும். ஊசியின் பலம் அவ்வளவு காலம் நிற்குமாம். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை கொண்டுவந்து உடம்பை மட்டும் காட்டிவிட்டுப் போக வேண்டும். நல்ல சேதிதானே, மக்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நானும் நம்பினேன்.

டாக்டர் கொடுத்த வாக்கு

முதலில் அகப்பட்டவர் பொன்னுத்துரை அங்கிள். யாழ்ப்பாணக் குடும்பம், அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் மெல்பர்னில். வீட்டில் அவரும் மேஜரும்தான். மேஜர் பன்னிரண்டு வயதுக் கலப்பு நாய். பெயரில்தான் ராணுவம், பக்கத்து வீட்டுப் பூனையைக் கண்டால் அங்கிளின் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

அந்த வருஷ ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த ஊசி மூன்று வருஷம் கழித்துத்தான் என்று டாக்டர் சொன்னார். அங்கிள் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மூன்று வருஷம் என்றுதானே டாக்டர் சொன்னார் என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். எப்போதும் போல வருஷா வருஷம் வேண்டும் என்று சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் முகத்தை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேஜரின் தலையில் கை வைத்தார்.

"பன்னிரண்டும் மூண்டும் பதினைஞ்சு. இவன் பதினைஞ்சு வயசு வரைக்கும் இருப்பான் எண்டு டாக்டரே சொல்லிப்போட்டா, பிள்ளை. இனி எனக்கு நித்திரை வரும்."

ஆராய்ச்சி

பாயான் பாருவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இரண்டு பேரும் ஃபேக்டரியில் இன்ஜினியர்கள். கையில் லட்டு என்ற பூடில். இன்டர்நெட்டில் இருப்பதையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார்கள். மூன்று வருஷம் என்பதே அதிகமாக இருக்கலாம், தேவையில்லாத ஊசியை எதற்குப் போட வேண்டும், ஆதாரம் என்ன என்று கணவர் கேட்டார். டாக்டருக்கு இப்படிக் கேட்பவர்களைப் பிடிக்கும். பொறுமையாக உட்கார்ந்து, ரத்தத்தைப் பரிசோதித்தால் பழைய ஊசியின் பலம் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், இருந்தால் இப்போது புது ஊசி வேண்டாம் என்று விளக்கினார்.

இரண்டு பேருக்கும் பரம திருப்தி. இதைத்தான் நாங்களும் படித்தோம் என்று மனைவி சொன்னார். நான் லட்டுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன், டாக்டர் ரத்தம் எடுக்கும் ஊசியை உறையிலிருந்து பிரித்தார். கணவர் அதன் நீளத்தைப் பார்த்தார். பிறகு லட்டுவைப் பார்த்தார்.

"ஊசி வேணுமா வேணாமான்னு பாக்குறதுக்கே ஒரு ஊசியா? அப்போ அந்த ஊசியையே போட்டுடுங்க லா."

வெறும் கை

ஊசி இல்லாமல் உடம்பைக் காட்டிவிட்டுப் போவது என்பது நம் மக்களுக்குச் சுலபத்தில் பிடிபடுகிற விஷயம் இல்லை. மனுஷ டாக்டரிடம் போனாலும் ஒரு ஊசி போட்டால்தான் பாதி குணம் ஆன மாதிரி இருக்கும். ராஜேஸ் அக்கா தன் பெர்ஷியன் பூனையை அதன் வருஷ ஊசி நாளில், தலை சீவி, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தார். டாக்டர் எடை பார்த்தார், பல்லைப் பார்த்தார், காதுக்குள் லைட் அடித்தார், வயிற்றை அமுக்கினார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த வருஷம் ஊசி கிடையாது, போய் வாருங்கள் என்றார்.

ராஜேஸ் அக்கா நகரவில்லை. வைட்டமின் ஊசியாவது போடலாமே என்று கேட்டார். தேவையில்லை என்றார் டாக்டர். பூனை மட்டும் தானாகவே கூடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா கவுண்டருக்கு வந்து என்னிடம் நியாயம் கேட்டார்.

"கோயிலுக்குப் போனாக்கூட கையில கொஞ்சம் விபூதி குடுத்து அனுப்புவாங்க மாலா. இங்க ஒண்ணுமே இல்லையா?"

இடையில் ஒரு சத்தம்

பொன்னுத்துரை அங்கிள் என்ன புரிந்துகொண்டார் என்பதை அன்றே டாக்டரிடம் சொல்லியிருந்தேன். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஊசி நோய்க்குத்தான், ஆயுளுக்கு இல்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் அக்கா என்றார். நீங்களே சொல்லுங்கள் என்றேன் நான். இரண்டு பேரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அதே நாளில் அங்கிள் வந்தார். ஊசி இல்லை என்பதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் டாக்டர் மேஜரின் நெஞ்சில் வைத்த கருவியை எடுக்காமல் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இதயத்தில் இருக்கக் கூடாத ஒரு சத்தம். வெறும் கையோடு அனுப்புகிற அந்தப் பரிசோதனை இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. தினமும் மாத்திரை கொடுக்க வேண்டும், இது குணமாகாது, கட்டுப்படுத்தத்தான் முடியும் என்று டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். அங்கிள் மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் சொன்னார்.

"அதெல்லாம் ஒண்டும் ஆகாது. இவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு."

கடைப் பூனைகள்

நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஹமீது பாய், கடைக்குப் பின்சந்தில் சோறு வைத்து வளர்க்கும் மூன்று பூனைகளையும் ஆள் வைத்துப் பிடித்து ஒரே கூண்டில் கொண்டுவந்தார். பிடித்தவர் கையில் பிளாஸ்திரி. மூன்றுக்கும் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, இன்னும் சில வாரத்தில் இரண்டாவது, வருஷம் திரும்பியதும் ஒன்று, அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை என்று டாக்டர் சொன்னார். பாய் தலையாட்டினார். கூண்டுக்குள் பூனைகளும் கவனித்துக் கேட்டிருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து பாய் காலிக் கூண்டோடு வந்தார். மூன்றும் கூண்டைத் திறந்த அன்று ஓடியதுதானாம். இப்போது எதிர்வரிசைச் சீனர் கடையில் மீன் தின்றுகொண்டு, இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனவாம். அவை இல்லாத பின்சந்தில் இப்போது வேறு விருந்தாளிகள். பாய் சிரிக்காமல் டாக்டரிடம் கேட்டார்.

"பூன வர்றதில்ல டாக்டர், எலிதான் வருது. எலிக்கு எத்தன வருஷத்துக்கு ஒரு தடவ?"

டவுன் நாய், தோட்டத்து நாய்

முனியாண்டி அண்ணன் பைராம் தோட்டத்துப் பக்கமிருந்து கடல் பாலம் தாண்டி வந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு ஊசி போதுமாமே என்று கேள்விப்பட்டு, டைகரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். டைகர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் எலி பிடிக்கும் நாய். அவருக்கு முன்னால் அதே லட்டு, ரத்தப் பரிசோதனையைத் தவிர்த்த அந்த பூடில், வருஷப் பரிசோதனைக்கு வந்து உடம்பைக் காட்டிவிட்டு ஊசி இல்லாமல் போனதை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைகரின் முறை வந்ததும் டாக்டர், மற்ற ஊசிகள் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான், ஆனால் எலிக் காய்ச்சல் ஊசி ஒரு வருஷம்தான் தாங்கும், வாயில் எலியைக் கவ்வுகிற நாய்க்கு அதை வருஷா வருஷம் போட்டே ஆக வேண்டும் என்றார். டவுன் நாய்க்கு ஒரு சட்டம், தோட்டத்து நாய்க்கு ஒரு சட்டமா என்று அண்ணன் கேட்டார். அது சோபாவில் தூங்குகிறது, உங்கள் நாய் வேலை செய்கிறது, அதுதான் வித்தியாசம் என்று டாக்டர் உண்மையைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நானும் சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள்தான். அண்ணன் டைகரைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"சரி, போடுங்க டாக்டர். எங்க போனாலும் வேலை செய்யிறவனுக்குத்தான் ஊசி."

பதினைந்து வயது

மேஜரின் மூன்று வருஷம் முடிகிற நாள் எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அன்று காலை கதவைத் திறந்ததும் முதல் ஆளாக அங்கிள் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, வழித்த முகம். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் தள்ளுவண்டியில் போர்வை விரித்து மேஜரைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். மேஜர் மூச்சு வாங்குவது கவுண்டர்வரை கேட்டது. சொன்ன நாளுக்குக் கொண்டுவந்துவிட்டேன், ஊசியைப் போட்டு அடுத்த மூன்று வருஷத்துக்கு நாள் குறித்துத் தரச் சொல்லுங்கள் என்றார் அங்கிள்.

டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். முகத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நோயாளி நாய்க்குத் தடுப்பூசி போடக் கூடாது, அது சட்டம். இந்த நிலைமையில் இருக்கும் மற்ற நாய்களின் சொந்தக்காரர்களிடம், இனிமேல் ஊசி தேவைப்படாது என்று டாக்டர் மெதுவாகச் சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தையை இவரிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையும் மேஜரைப் பிடித்துக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

"இன்னைக்குப் போட முடியாது அங்கிள்," என்றார் டாக்டர். "நெஞ்சுல தண்ணி கட்டியிருக்கு. மாத்திரையை மாத்தித் தர்றேன். அடுத்த மாசம் கொண்டாங்க, பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அப்படியென்றால் ஊசி ரத்தா என்று கேட்டார் அங்கிள். ரத்து இல்லை, தள்ளி வைத்திருக்கிறேன் என்றார் டாக்டர்.  அங்கிள் போர்வையைச் சரிசெய்து, வண்டியைக் கவுண்டருக்குத் தள்ளிக்கொண்டு வந்து, அடுத்த மாதம் எந்த நாள் என்று என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய அதே நிம்மதி.

"நான் கிளார்க்கா இருந்தனான், பிள்ளை. ஃபைல் பெண்டிங்கில கிடக்கேக்க ஒருத்தரையும் நாங்கள் வீட்டுக்குப் போக விட்டதில்லை."

ஆக, எங்கள் கிளினிக்கின் இன்றைய நிலவரப்படி தடுப்பூசி, சோபாவில் தூங்கும் நாய்க்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, எலி பிடிக்கும் நாய்க்கு வருஷத்துக்கு ஒரு தடவை, மேஜருக்கு மட்டும் எப்போதும் அடுத்த மாதம்.