மீன் பெட்டியில் அந்நியப் பொருள்

காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் பல வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். ஏற்றுமதி மீனைக் கழுவி, தரம் பிரித்து, மைனஸ் இருபதில் வைப்பது எங்கள் வேலை. புதிதாகச் சேரும் பெண்கள், "ஸ்டெல்லாக்கா, உங்க சர்வீஸ்ல பெரிய சிக்கல் எது?" என்று கேட்பார்கள். அம்மோனியா லீக், மழை வெள்ளம் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது இரண்டு தெர்மாகோல் பெட்டிகளைப் பற்றி.

1. வெள்ளைச் செவுள்

டாக்டர் மேகலா கடல் ஆராய்ச்சி செய்பவர். தென்துருவக் கடலின் அடியிலிருந்து எடுத்த மாதிரிகள் அவரிடம் இருந்தன. அவர்கள் ஆய்வகத்தில் டீப் ஃப்ரீசர் பழுதாகிவிட, எங்களிடம் இடம் கேட்டு வந்தார். பனிக்கடல் மீன் நம் கடையில் இருக்கப்போகிறது என்ற பெருமையில் முதலாளி தனசேகர் உடனே சம்மதித்தார்.

எந்தப் பெட்டி வந்தாலும் திறந்து பார்ப்பது முதலாளியின் பழக்கம். முதல் பெட்டியில் கூழாங்கற்களின் மேல் ஒரு பெரிய தலைக்கார மீன் உறைந்து கிடந்தது. செவுளைத் தூக்கியவர் முகம் மாறியது.

"ஸ்டெல்லா, இங்க பாரு. செவுளு வெள்ளையா கீது. கெட்டுப்பூட்ச்சி. கீழ கல்ல வேற போட்டு வெயிட்டு ஏத்திகிறானுங்க!"

"சார், அந்த மீனுக்கு ரத்தத்துல சிவப்பே கிடையாது. அது பிறவியிலயே அப்படித்தான்" என்றார் மேகலா. "கல்லும் யாரும் போட்டதில்ல. அது அந்த மீன் கூடு கட்டின கல்."

முதலாளி நம்பவில்லை. இரண்டாவது பெட்டியைத் திறந்தார். அதில் பானை மாதிரி ஒரு கடற்பஞ்சு. அதன் மேல் நட்சத்திர மீன்களும் புழுக்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. பானைக்குள் ஒரு சிறிய மீன். அதன் பின்னால் சுவரில் கொத்தாக முட்டைகள்.

வலையில் வரும் குப்பையைப் பிரித்து எறிந்தே பழகிய கை என் கை. யோசிக்காமல் தண்ணீர்க் குழாயை எடுத்துவிட்டேன்.

"கழுவாதீங்க!" என்று மேகலா போட்ட கூச்சலில் மேஜையில் இருந்த எல்லாரும் கத்தியைக் கீழே வைத்தோம்.

"அங்க கடலடி முழுக்கச் சேறு, அதுல அங்கங்க இந்தப் பஞ்சு. இந்த மீன்ல பெண் பஞ்சுக்குள்ள முட்டையிட்டுட்டுப் போயிடும், ஆண்தான் மாசக்கணக்கா காவல் நிக்கும். எது எதோட சேர்ந்து வாழுதுங்கறதுதான் என் ஆராய்ச்சியே. நீங்க பிரிச்சுட்டா, நான் இத்தனை வருஷம் பண்ணதுக்கு அர்த்தமே இல்ல."

முதலாளி தலையைச் சொறிந்தார். "இன்னாமா நீ, மீனோட வூட்டையும் சேத்து தூக்கினு வந்துகிற?"

2. ஆடிட்

அன்றைக்கே வெளிநாட்டு வாங்குபவர்கள் அனுப்பிய ஆடிட்டர் ராகவன் வருவார் என்று எங்களுக்குத் தெரியாது. சொல்லாமல் வருவதுதான் அவர்கள் வழக்கம். தலையில் வலைத்தொப்பியோடு நேராக ஸ்டோருக்குள் போனவர், அந்தப் பஞ்சு இருந்த பெட்டியைத்தான் முதலில் திறந்தார்.

"மீன் பெட்டிக்குள் அந்நியப் பொருள் இருக்கிறது. பஞ்சு, புழு, நட்சத்திரம். எல்லாவற்றையும் நீக்குங்கள்."

மேகலா விடவில்லை. "அந்நியம் இல்ல சார். பஞ்சு அங்கயே வளர்ந்தது. மீன்தான் வெளியிலிருந்து வந்து குடியிருக்கு."

ராகவன் நிதானமாக யோசித்தார். "அப்படியானால் இது பஞ்சுப் பெட்டி. இதில் மீன்தான் அந்நியப் பொருள். மீனை நீக்குங்கள்."

"மீன் இல்லாம பஞ்ச வச்சு நான் என்ன சார் பண்றது?"

"சார்," என்று முதலாளி குறுக்கே வந்தார். "மீன் பெட்டின்னா பஞ்ச எடு. பஞ்சுப் பெட்டின்னா மீன எடு. ரெண்டுத்தையும் எட்த்துட்டா உள்ள இன்னாதான் கீது?"

"காலிப் பெட்டி. காலிப் பெட்டியில் விதிமீறல் எதுவும் இல்லை."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பெட்டிகள் கட்டடத்துக்குள் இருக்கக்கூடாது, இருந்தால் லைசென்ஸ் ரத்துக்கு எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மேகலா போனில் கெஞ்சியதில் வேறொரு ஆய்வகத்தின் ஃப்ரீசர் வண்டி மீஞ்சூரிலிருந்து புறப்பட்டிருந்தது. வந்து சேர மத்தியானம் ஆகும். வெளியே சித்திரை வெயில்.

3. வாசலில் ஒரு சாவு

எதிரே பாஸ்கரின் கடை. ஷாமியானா, நாற்காலி, பிணம் வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். யோசனை முதலாளியுடையது. "பாஸ்கரு, ஒரு பாக்ஸ் எட்த்தா. அர்ஜென்ட்டு."

பாஸ்கர் ஓடி வந்தான். "யாருண்ணா?"

"வெளியூரு."

கேட்டுக்கு வெளியே கண்ணாடி மூடி போட்ட பாக்ஸை வைத்து, ஒயரை இழுத்து, தெர்மாகோல் பெட்டிகளில் மிச்சமிருந்த ட்ரை ஐஸைக் கொட்டி, பானையையும் கல்மேல் மீனையும் உள்ளே வைத்தோம். வெயில் படாமல் பாஸ்கர் ஷாமியானாவும் போட்டுவிட்டான். பழக்கதோஷத்தில் தலைமாட்டில் ஊதுபத்தியும் கொளுத்தினான்.

அப்புறம் நடந்ததை எங்களால் தடுக்க முடியவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகக் கும்பிட்டார். யாரோ மாலை போட்டார்கள். மேளக்காரர்கள் இரண்டு பேர் வந்து எப்போது எடுக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். மீன்கார ராணி கூடையை இறக்கி வைத்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டே வந்து கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். அழுகை நின்றது.

"இன்னாக்கா இது, மீனா?"

"ஆமா. முட்டைங்கள காவல் காத்துகினே செத்துப்போனது" என்றேன்.

ராணி இன்னொரு தடவை பார்த்தாள். "அடப்பாவமே, புள்ளைங்கள வுட்டு நவுராமயே பூட்டானே!" என்று விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள். கூட இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மேகலாவும் அழுதார். ட்ரை ஐஸ் தீர்ந்துகொண்டிருந்ததற்காகத்தான் அவர் அழுதார். ஆனால் பார்ப்பவர்களுக்கு அவர்தான் மகள்.

ஆடிட்டை முடித்துவிட்டு ராகவன் வெளியே வந்தார். ஷாமியானாவைக் கண்டதும் வலைத்தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும். காலையில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். உங்கள் குடும்பத்திலா?"

முதலாளி மாலையைச் சரிசெய்தார். "குடும்பஸ்தன் சார். வூட்ட வுட்டு வெளிய வரவே மாட்டாரு. கடைசில வூட்டோட தூக்கினு வந்துட்டாங்க."

ராகவன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும், "இது கட்டடத்துக்கு வெளியேதானே இருக்கிறது?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"அப்படியானால் நான் இதைப் பார்க்கவில்லை." மீண்டும் ஒருமுறை கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

மீஞ்சூர் வண்டி வந்தது. எல்லாவற்றையும் பழையபடி தெர்மாகோல் பெட்டிகளில் வைத்து ஏற்றும் முன் பாஸ்கர் வழக்கம்போல, "நெருங்கின சொந்தம் யாரு?" என்று கேட்டான். மேகலா கையைத் தூக்கினார்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எது மீன், எது குப்பை என்று நம் கைக்குத் தெரியும். ஆனால் அது நம் மேஜையில் மட்டும்தான் சரி. குழாயைத் திறக்கும் முன் கொண்டுவந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுநாள் மேகலா போன் செய்தார், ஒரு முட்டைகூட உதிரவில்லை என்று. முதலாளி போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"அப்பன்காரரு எப்டி கீறாரு?"

"அப்படியே முட்டை பக்கத்துலதான் சார் இருக்காரு."

"அது போதும்மா" என்று சொல்லிவிட்டு, இறால் பெட்டிகளைப் பார்க்கப் போனார்.