மின்னல் பால் கொடுக்காத இரண்டு நாள்

ரோஜாப் பண்ணையில் அவளை எல்லாரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பூங்கட்டுப் போடுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது.

அங்கே ஒரு விதி கறாரானது. பூச்சிமருந்து அடித்த செடிக் கூடாரத்தின் வாசலில் சிவப்புக் கொடி கட்டுவார்கள். இரண்டு நாள் யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. கொடியை அவிழ்த்துவிட்டால் பயமில்லை. இத்தனை வருடமும் அந்தக் கொடியை நம்பித்தான் அவள் வேலை பார்த்தாள்.

குழந்தை பிறந்த சில மாதங்களில், சுகாதார நிலைய நர்ஸ் ஓர் ஆய்வுக்காகப் பண்ணைத் தாய்மார்களிடம் பால் வாங்கிப் போனார். பிறகு போன் வந்தது: பாலில் பூச்சிமருந்து இருக்கிறது, கொஞ்சம்தான், நேரில் வந்து பேசுங்கள். முதல் பாதிதான் மின்னலின் காதில் ஏறியது.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே. பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டுத் தனக்குத்தானே இரண்டு நாள் கொடி கட்டிக்கொண்டாள். பாலைப் பீய்ச்சிக் குளியலறையில் ஊற்றினாள். குழந்தை புட்டிப்பாலைத் துப்பித் துப்பி அழுதது. அதற்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இவளுக்கு மார்பு கல்லாகக் கனத்தது.

"தெருவே கேக்குது பாப்பா கச்சேரிய. எடுத்துக் குடுடி," என்றாள் கூட இருந்த அக்கா.

"விஷத்தையாக்கா குடுக்கச் சொல்ற? ரெண்டு நாள் தாண்டட்டும்."

"ரெண்டு நாள்ல காஞ்சு போக நீ என்ன ரோஜாச் செடியா?"

கெடு முடிந்ததும் இருவரும் குழந்தையோடு நர்ஸிடம் போனார்கள்.

"இப்ப சுத்தமாயிருக்கும், இல்ல சிஸ்டர்? திரும்ப எடுத்துப் பாருங்க."

"யாரும்மா சொன்னா? இலைமேல இருக்கறது காயும். இது சாப்பாட்டுல, தண்ணியில, வேலையில வந்து உடம்புக் கொழுப்புல வருஷக்கணக்கா சேர்ந்தது. நிறைய அம்மாக்கள் பால்ல இருக்கு."

மின்னல் விடவில்லை. "அப்ப எப்பத்தான் போகும்?"

"முழுசா எப்பன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு வந்திருக்கற அளவுக்கு நிறுத்தத் தேவையில்ல. நிறுத்தினாதான் குழந்தைக்கு நஷ்டம்."

"உங்க குழந்தையா இருந்தா?"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"குடுத்தேன்மா. பயந்துகிட்டேதான் குடுத்தேன்."

அந்தப் பதிலில் ஆறுதல் அதிகமில்லை, பொய்யும் இல்லை. மடியில் குழந்தை முகத்தை முட்டி முட்டித் தேடியது. மின்னல் துணியை விலக்கினாள். பால் மடக்கு மடக்காக இறங்கியது. பிடுங்கிவிடலாமா என்று ஒருமுறை விரல் குழந்தையின் கன்னம் வரை போனது.

"அந்தப் பக்கமும் கனக்குமே," என்றாள் அக்கா மெதுவாக.

மின்னல் குழந்தையை மாற்றிப் போட்டாள்.