சிவப்பில் வந்த மஞ்சள் கோட்டு

டிப்போவில் அவளை எல்லோரும் ரூல்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து ஓட்ட வந்த புதிதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர். விடிந்தும் விடியாத ஞாயிற்றுக்கிழமையில், குறுக்கே ஈ காக்கை இல்லாத முனையில், சிவப்பு எரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே இருக்கிறவர்களில் யாராவது, "யாருமே வரலையேம்மா, போங்களேன்" என்பார்கள். "லைட் எரியுதே" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அவளுக்குக் கார்க்காரர்கள் மேல் கோபம் உண்டு. போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடக்கிறவர்களைப் பார்த்தால் பரிதாபம். சைக்கிள்காரர்கள் விஷயம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டிப்போ கேன்டீனில் டீ ஆறிவிடும். "மஞ்சளைப் பார்த்தா மிதிப்பான். சிவப்பைப் பார்த்தா இன்னும் அழுத்தி மிதிப்பான். பச்சை விழுந்தா மட்டும் நடு ரோட்டுல ஒரு காலை ஊனிக்கிட்டு மூக்கு சிந்துவான். இவனுங்களுக்கு லைட்டுன்னா என்ன, கல்யாண வீட்டு சீரியல் பல்பா?" என்பாள்.

கொடுமை என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் அவள் கழுத்தை நீட்டியிருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஐந்தாறு தெருவுக்குள் இருக்கும் அடுக்கு மாடிகளின் லிஃப்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. முன்பு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் திட்டிய பிறகு சைக்கிளுக்கு மாறினார். பின்னால் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் நுழைந்து போவார். சர்க்கரை இறங்கியது. கூடவே, சிவப்பு விளக்கு மேல் இருந்த மரியாதையும் இறங்கியது.

சாப்பாட்டு மேசையில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சண்டை வந்துவிடும்.

"நான் என்ன லாரியா?" என்பார் அவர். "பதினஞ்சு கிலோ இரும்பு. மோதினா எனக்குத்தான் அடி. ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் போறேன். எனக்குக் கண்ணு இருக்குல்ல?"

"கண்ணு இருக்கிறவங்களுக்குத்தாங்க லைட்டே வச்சிருக்கான்."

"லிஃப்டுக்குள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டு கதவைத் தட்டித் தட்டிக் கத்தும். நான் வெளிய நின்னு சிவப்பை ரசிச்சுக்கிட்டு இருக்கணுமா?"

இதைக் கேட்டதும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவர் ஜெயித்துவிட்ட மாதிரி தண்ணீர் குடிப்பார். அந்தத் தண்ணீர் குடிக்கிற அழகைப் பார்க்கத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். வேலைக்குப் போகிற நேரம், பேருந்தில் நிற்க இடமில்லை. மருந்துக்கடை முனையில் அவளுக்குப் பச்சை எரிந்துகொண்டிருந்தது. ஒழுங்கான வேகத்தில் முனைக்குள் நுழைந்தாள். பக்கவாட்டில் சிவப்புக்கு நின்றிருந்த கார்களின் இடுக்கிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று புறப்பட்டு நேராகக் குறுக்கே வந்தது. கால் தானாகப் பிரேக்கில் ஏறி மிதித்தது. பேருந்து முக்கி முனகி நின்றது. உள்ளே நின்றவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். பைகள் உருண்டன. ஒரு பெண் அலறினாள்.

மஞ்சள் மழைக்கோட்டு எதையும் திரும்பிப் பார்க்காமல் எதிர்ச் சந்துக்குள் போய் மறைந்தது.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். வேறு யார் கண்ணில் படாவிட்டாலும் லாரிக்காரன் கண்ணிலாவது படட்டும் என்று, கடையில் இருந்ததிலேயே பளீரென்ற நிறமாகத் தேடி அவளே வாங்கிக் கொடுத்தது. பின்னால் ஸ்பேனர் பை ஆடிய ஆட்டத்தையும் அவளுக்குத் தெரியும்.

நினைக்க நேரமில்லை. வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதற்காக எழுந்து நின்ற ஒரு நடுத்தர வயதுப் பெண், படியோரம் விழுந்து கிடந்தாள். வலது மணிக்கட்டு ஒரு மாதிரி திரும்பியிருந்தது. "என் கை, என் கை" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். "முடி வெட்டுற கைம்மா இது!" ஆம்புலன்ஸ் வரும்வரை ரூல்ஸக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் கையை அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற பயணிகள் சைக்கிள்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். ஒருவர் அவனுடைய பெண்டாட்டியையும் சேர்த்துத் திட்டினார்.

சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து கோட்டை உதறிக் கொடியில் போட்டார். வழக்கம்போல, "என்ன, இன்னைக்கு எத்தனை சைக்கிளைச் சபிச்ச?" என்று சிரித்தார்.

"காலையில எங்க போனீங்க?"

"ஏன்? மருந்துக்கடைக்குப் பின்னாடி இருக்கிற பில்டிங்குக்கு."

"லிஃப்டுல யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்லையே. கேபிளுக்கு கிரீஸ் போடப் போனேன். என்னாச்சு?"

அவள் சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அது உன் பஸ்ஸா?"

"யார் பஸ்ஸா இருந்தா என்னங்க?"

அவர் மெதுவாகக் கேட்டார். "பஸ் கேமராவுல என் மூஞ்சி தெரியுதா?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் அன்று முழுவதும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

மறுநாள் டிப்போ மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஹெல்மெட், மஞ்சள் கோட்டு, ஒரு பை. முகம் தெரியவில்லை.

"உங்க மேல தப்பே இல்லம்மா," என்றார் மேனேஜர் தாராளமாக. "உங்களுக்குப் பச்சை. வேகமும் சரி. அந்தத் தறுதலை யாருன்னு கண்டுபிடிக்க வழியில்ல. 'அடையாளம் தெரியாத நபர்'னு போட்டு இன்னைக்கே முடிச்சிடலாம்."

"அடையாளம் தெரியும் சார்."

"யாருக்கு?"

"எனக்கு. எங்க வீட்டுக்காரர்தான்."

மேனேஜர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "ஏம்மா, இதை எதுக்கு என்கிட்ட சொன்னீங்க? போலீசுக்குச் சொல்லணும். இன்சூரன்சுக்குச் சொல்லணும். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஏதோ நாடகம் போட்டாங்கன்னு மேல இருந்து கேப்பான். சும்மா இருந்திருந்தா மத்தியானத்துக்குள்ள நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருக்கலாமே!"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

"நான் கேக்கவே இல்லம்மா!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விசாரணை இழுத்தது. கணவருக்கு அபராதம் விழுந்தது. அவர் இரண்டு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "கட்டின புருஷனைக் காட்டிக் குடுத்துட்டா" என்று போனில் தன் அண்ணனிடம் அவள் காதுபடவே புலம்பினார். "நான் எங்க காட்டிக் குடுத்தேன், நீங்களே மஞ்சள் கோட்டைப் போட்டுக்கிட்டு கேமரா முன்னாடி வந்து காட்டிட்டுப் போனீங்க" என்று அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். டிப்போவிலும் நிம்மதி இல்லை. பாதிப் பேர் அவளைப் பெரிய மனுஷி என்றார்கள். மீதிப் பேர், வீட்டிலேயே அடக்க முடியாதவள் ஊருக்கு என்ன ரூல்ஸ் பேசுகிறாள் என்றார்கள். இரண்டுமே அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் கை முறிந்த அந்தப் பெண்ணைப் பார்க்கப் போக வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்ட சிறிய சலூன் அது. சலூன்காரம்மா மாவுக்கட்டுக் கையோடு உட்கார்ந்திருந்தாள். தங்கையை வரவழைத்து வேலையைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். கணவர் வாசற்படியில் நின்றபடி, ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பைச் சொல்லி முடித்தார்.

"மன்னிப்பா?" என்றாள் சலூன்காரம்மா. "அதை வச்சு நான் சீப்பைப் பிடிக்க முடியுமா? எனக்கு ஒரு கை குறையுது."

"நான் என்னம்மா செய்யணும்?"

"கையைக் கொண்டு வாங்க. காலையில வந்து ஷட்டரைத் தூக்குங்க. சாயங்காலம் தரையைக் கூட்டுங்க. நடுவுல நேரம் கிடைச்சா தலை அலசி விடுங்க. என் தங்கச்சி ஒருத்தி எத்தனைதான் பார்ப்பா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

அப்படித்தான் அவர் சலூனுக்குப் போக ஆரம்பித்தார். முதல் நாள் தலை அலசியபோது வாடிக்கையாளர் ஒருவரின் இரண்டு காதிலும் தண்ணீர் போய், அந்த மனிதர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார். கிரீஸ் படிந்த நகத்தைப் பார்த்து ஒரு பெண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஆனால் கூட்டுவதில் கெட்டிக்காரர். லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்து பழகியவர், மூலை முடுக்கில் ஒரு முடி விடமாட்டார்.

வேலை முடிந்ததும் ரூல்ஸக்காவும் அங்கே வந்து காத்திருப்பாள். சலூனுக்கு வருகிற எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சைக்கிளுக்கு நம்பர் பிளேட் மாட்ட வேண்டும் என்றார் ஒருவர். "நானும் சைக்கிள்தான், ஆனா திரும்புற இடத்துல மட்டும்தான் நிக்காம போவேன், அது வேற" என்றார் இன்னொருவர். கார் வைத்திருந்த ஒருவர் சைக்கிளையே தடை செய்யச் சொன்னார். பேச்சுவாக்கில், மஞ்சளில் தான் ஒருபோதும் நிறுத்தியதில்லை என்பதையும் சொன்னார். "அது வேற, பின்னாடி வர்றவன் இடிச்சிடுவான்."

சலூன்காரம்மாவே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்னக்கா. அன்னைக்கு உங்க பஸ்ஸைப் பிடிக்க நானே சிவப்புல ஓடித்தான் ரோட்டைத் தாண்டினேன். ரெண்டு கார்க்காரன் ஹாரன் அடிச்சான்."

"அப்போ நீங்களும்தானா?"

"நான் நடக்கிறவ அக்கா. அது வேற."

ரூல்ஸக்கா கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தாள். இந்த ஊரில் விளக்கு வைத்தவனைக் கண்டுபிடித்து, அவன் தோளில் தலை சாய்த்து ஒரு பாட்டம் அழ வேண்டும் போலிருந்தது.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று அவளும் அங்கே இருந்தாள். சலூன்காரம்மா ஆசையாகக் கத்தரிக்கோலை எடுத்தாள். வெறும் காற்றில் இரண்டு முறை வெட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை விரல் மடங்கவில்லை, கத்தரி தரையில் விழுந்தது. ரூல்ஸக்காவின் கணவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தார். சலூன்காரம்மா அதை மேசை மேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டுகளை மடிக்க ஆரம்பித்தாள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவர் சைக்கிளில் ஏறவே இல்லை. தள்ளிக்கொண்டே வந்தார். பாதி வழியில், "அன்னைக்கு கிரீஸ் போடத்தான் போனேன்" என்றார். "அவசரமே இல்ல." அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

பயிற்சி செய்து செய்து, விரல்கள் மெல்ல வழிக்கு வந்தன. முன்பு போல நாள் முழுக்க நிற்க முடியாவிட்டாலும், சலூன்காரம்மா பாதி நாள் வெட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கின் முடியைத்தான் முதலில் வெட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் ஏற்றமும் இறக்கமுமாக வந்தது. அவர் அதை அப்படியே வைத்துக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு அவர் சிவப்பைக் கண்டால் நின்றார். யாரும் இல்லாத இடத்திலும் நின்றார். நிற்பதோடு விட்டாலும் பரவாயில்லை. மதம் மாறியவரைப் போல, நிற்காமல் போகிறவர்களுக்குப் புத்தி சொல்லவும் தொடங்கியிருந்தார். வீட்டுக்கு வந்து யார் யார் நிற்கவில்லை என்று சாப்பாட்டு மேசையில் வரிசையாகச் சொன்னார். அவளுக்குப் பழைய சண்டையே தேவலை என்று தோன்றியது.

சில மாதம் கழித்து, மேட்டுத் தெருவின் அடிவாரத்தில் சிவப்புக்காகப் பேருந்தை நிறுத்தியபோது, சரியாக அவளுக்கு முன்னால், ரோட்டிலிருந்த வெள்ளைக் கோட்டைச் சக்கரம் ஒரு விரல்கூடத் தாண்டாமல், அவர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு சைக்கிள்காரன் மணியடித்து, "வழியை விடுங்க பெரியவரே, இங்க என்ன தவமா பண்றீங்க?" என்று கத்திவிட்டுச் சிவப்பிலேயே பாய்ந்து, மேட்டில் ஏறிக் கண்ணுக்கு மறைந்தான்.

பச்சை விழுந்தது. கணவர் ஒரு காலை அழுத்தினார். சைக்கிள் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, ஒருவழியாக நகர்ந்தது. இரண்டு ஓரமும் கார்கள் நிறுத்தியிருந்த ஒடுக்கமான மேட்டில், முழங்கால் வலியும் ஸ்பேனர் பையுமாக அவர் முக்கி முக்கி ஏற, பின்னால் பேருந்து முதல் கியரில் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. தாண்டிப் போக இடமில்லை.

"ஹாரன் அடிங்கம்மா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார் ஒரு பயணி.

"அவர் ஒழுங்காத்தாங்க போறாரு" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒழுங்காப் போய் யாருக்கு என்ன லாபம்? முன்னாடி போனானே ஒருத்தன், அவனை மாதிரி சிவப்புலயே போய்த் தொலைஞ்சிருந்தா இந்நேரம் நாம மேல போயிருப்போம்ல?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் பாதி மேட்டில் திரும்பி, அவளை அடையாளம் கண்டு, பெருமையாக ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். சைக்கிள் நெளிந்தது.

"முன்னாடி பாருங்க! முன்னாடி பாருங்கன்னா!" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ரூல்ஸக்கா கத்தினாள். அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை கையை ஆட்டினார்.