சுகந்திக்கு வந்த மெயில்

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்ட் எடுக்கணும்னா, சுகந்திகிட்டப் போங்கன்னுதான் சொல்லுவாங்க. பதினோரு வருசமா அதே கடை, அதே நாற்காலி. கடை அவ புருசனோட அண்ணன் சுந்தரபாண்டியோடது. புருசன் லாரியை எடுத்துக்கிட்டுப் புளியறை தாண்டிக் கேரளாவுக்குள்ள போயிட்டா, திரும்பி வர வாரமாவும். நம்ம கடை இருக்கையில நீ எதுக்கு வெளிய வேலை தேடுதன்னு சுந்தரபாண்டி பாசமாத்தான் கேப்பாரு. அந்தப் பாசத்துல அவளுக்கு மூச்சு முட்டும்.

அவளும் சும்மா இருக்கல. யாருக்கும் தெரியாம நாலஞ்சு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தா. அங்கனதான் கோட்டை விட்டா. மெயில் ஐடி இல்லாத ஊர்க்காரங்களுக்கெல்லாம் கடை மெயிலையே போட்டுக் குடுத்துப் பழகின கை, தனக்கும் அதையே போட்டிருச்சு. அந்த மெயில் சுந்தரபாண்டி போன்லயும் வருமுன்னு தெரியாம இல்ல. வந்து குமியுத ஆயிரத்துல இதா அவரு கண்ணுல படப்போவுதுன்னு ஒரு தைரியம்.

சாரல் நேரம். சுந்தரபாண்டி குற்றாலத்துல சீசன் கடை போட்டு அங்கனயே கிடந்தாரு. காலையில சுகந்தி கண்ணு முன்னாலயே மெயில் வந்து விழுந்துது. திருநெல்வேலியில டேட்டா என்ட்ரி வேலை, மறுநாள் பத்து மணிக்கு நேர்காணல். கூட வந்த கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துட்டு வரணும். பதிவு எண்ணும் பார்கோடும் தெளிவா இல்லன்னா உள்ள விடமாட்டாங்களாம்.

அவசரத்துல, மெயிலுக்குள்ள தெரிஞ்சதை அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிட்டா. வந்த தாளைப் பாக்கணுமே! எழுத்தெல்லாம் எறும்பு கணக்கா இருக்கு, பார்கோடு ஒரே கறுப்புத் தீற்றல். ஃபைலை இறக்கித் தனியாத் திறந்து அடிங்கன்னு ஊருக்கே படிச்சுப் படிச்சுச் சொல்லுதவ செஞ்ச வேலை இது. திருப்பி அடிக்கலாம்னா, ரெபேக்காள் டீச்சர் பென்சன் தாளோட நிக்காங்க, அவங்களுக்குப் பின்னால வாசல் வரைக்கும் ஆள். அசைய வழியில்ல.

மத்தியானம் கூட்டம் ஓஞ்சு பாத்தா, மெயிலைக் காணோம். தன் பேரைப் போட்டுத் தேடினா, ஆபீஸ் பேரைப் போட்டுத் தேடினா. இல்ல. யாரு வேலைன்னு புரிஞ்சுபோச்சு; அந்த மெயில் வருத போன் சுந்தரபாண்டியோடது ஒண்ணுதான். காலையில அடிச்ச தாளை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தா. பதிவு எண்ணுல மூணா எட்டான்னுகூட மட்டுப்படல. அழுகை முட்டிருச்சு.

பொறவுதான் புத்தி வேலை செஞ்சுது. அழிச்ச மெயில் முப்பது நாளைக்குக் குப்பைப் பெட்டியில கிடக்கும். சுந்தரபாண்டிக்கு அழிக்கத்தான் தெரியும், அது போற இடம் தெரியாது.

திறந்தா. இருந்துது. அதுக்குக் கீழ, மூணு வாரத்துக்கு முந்தின தேதியில இன்னொண்ணும் இருந்துது. அதுவும் அவளுக்கு வந்ததுதான். ஒரு காலேஜ் ஆபீஸ் வேலை. வரச்சொன்ன நாள் போயி பதினஞ்சு நாளாச்சு.

அந்த நாள்ல அவ இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தா. அன்னிக்குச் சாயங்காலம் சுந்தரபாண்டி ஒரு பை நிறைய ரம்புட்டான் பழம் கொண்டுவந்து, பிள்ளைக்குக் குடும்மான்னு கையில குடுத்துட்டுப் போனாரு. நம்ப வச்சுக் கழுத்தறுக்கதுன்னா வேற என்ன?

அவ அழுகையை நிறுத்திட்டா. ரெண்டு ஃபைலையும் இறக்கினா. தனித்தனியாத் திறந்தா. அளவை நூறு சதவீதத்துல வச்சா. மை மிச்சம் பிடிக்கணும்னு சுந்தரபாண்டி போட்டு வச்சிருந்த செட்டிங்கையும் எடுத்துவிட்டா. ரெண்டு தாளும் பளிச்சுன்னு வந்துது. திருநெல்வேலித் தாளை மட்டும் தன் பையில வச்சுக்கிட்டா.

இருட்டுததுக்கு முன்னால சுந்தரபாண்டி போன் போட்டாரு. நாளைக்குக் கூட்டம் இருக்கும், ஏழு மணிக்கே கடையைத் திறந்திருன்னாரு.

"நாளைக்கு நான் வரல அத்தான், திருநெல்வேலிக்குப் போறேன். உங்க மேசையில ஒரு தாள் வச்சிருக்கேன். எழுத்து நல்லா விழுந்திருக்கு, கண்ணாடி போடாமலே படிக்கலாம்."

என்ன தாளுன்னு கேக்காமலே அவரு போனை வச்சிட்டாரு.