ஐஸ்பெட்டிக்குக் கட்டிய சிவப்புச் சேலை

எங்கள் ஐஸ்பெட்டிக்குச் சேலை கட்டிவிட்டவள் நான்தான். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்கும் பந்து விளையாடும் திடலுக்கும் நடுவில் வடையும் குளிர்பானமும் விற்கும் ஓர் ஒட்டுக்கடை எங்களுக்கு இருந்தது. வீட்டுக்காரர் ரயில்வே வேலைக்குப் போய்விடுவார். கடையில் நானும் அவருடைய தங்கையும். ஆட்களிடம் பேசுவது அவள் வேலை, பின்னால் நின்று வடை சுடுவது என் வேலை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வெளி ஆட்களைக் கண்டால் எனக்கு வாயே திறக்காது.

நாத்தனார் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்த ஒருநாள், பந்துக் குழுத் தலைவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை போட்டியாம், ஆறு பெட்டி ஆரஞ்சு பாட்டில் வேண்டுமாம்.

"ஜில்லுன்னு இருக்குமா அக்கா?"

"இருக்கும்" என்றேன்.

என் வாயால் நானே எடுத்த முதல் ஆர்டர் அது. நாத்தனார் நம்பவில்லை. "அண்ணியா பேசுனாங்க? வடைச்சட்டி பேசுச்சுன்னா கூட நம்புவேன்!"

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. வீட்டுக்காரர் தன் ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்தார். என் ஆயுதம் ஐஸ்பெட்டி. அதை எப்படி நிறுத்துவது? ஓய்வு கொடுக்க முடியாத குறைக்கு அலங்காரத்தைக் கூட்டினேன். கண்ணாடிக் கதவுக்குச் செவ்வந்தி மாலை. கீழே இருக்கும் கம்பித் தட்டிக்குச் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை. அப்புறம் என் கல்யாணத்துக்கு வந்த சிவப்புச் சேலையைக் கொசுவம் வைத்து, கதவு திறக்க மட்டும் வழிவிட்டு, முன்னும் பின்னும் சுற்றித் தரைவரை கட்டிவிட்டேன். அம்மன் மாதிரியே இருந்தது. பூஜை முடிந்த பிறகும் அவிழ்க்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு லோரிக்காரர் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தார். அப்படியே என்னைப் பார்த்தார்.

"அக்கா, இதுல தேயிலையப் போட்டா டீ ஆயிடும்."

உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டிலிலும் குளிர்ச்சி இல்லை. சாயந்திரம் வீட்டுக்காரர் வந்து, உள்ளே இருக்கும் குமிழைக் கடைசிவரை திருகிவைத்தார். சனிக்கிழமை காலையிலும் அப்படியேதான்.

"பொழுது சாயறதுக்குள்ள சரியாகலன்னா, வேற கடையப் பாத்துக்கங்கன்னு பந்துக் குழுத் தலைவருகிட்ட சொல்லிடுவேன் அண்ணி" என்றாள் நாத்தனார். என் முதல் ஆர்டர், போட்டிக்கு முந்தின நாளே சாகப்போகிறது. அந்த யோசனையில் சட்டியில் வடை கருகியது.

ஐஸ்பெட்டி பழுதுபார்க்கும் சீனர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், நம் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஐயோ, மாலை போட்டு, சேலை கட்டி! பெட்டிக்குக் கல்யாணமா லா? மாப்பிள்ளை யாரு?"

சிரித்தாலும் சேலையில் கை வைக்கவில்லை. "சாமி துணி, நான் தொட மாட்டேன்" என்றார். கதவைத் திறந்தார், விளக்கு எரிந்தது. காதை வைத்துக் கேட்டார், மோட்டார் ஓடியது. கதவு இடுக்கில் பேப்பர் துண்டை வைத்து மூடி இழுத்தார், ரப்பர் இறுக்கிப் பிடித்தது.

"எல்லாம் நல்லா இருக்கு. அப்போ கேஸ் போயிருக்கும். கடைக்குக் கொண்டு போகணும். மூணு நாள்."

வீட்டுக்காரர் லோரி பிடிக்கப் போனார். நான் போய்ப் பெட்டியின் மேல் சாய்ந்தேன். சேலை சுட்டது. அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த மாதிரிச் சூடு. டீ ஆறாமல் இருக்கக் கெட்டிலைச் சுற்றி நான் துண்டு கட்டுவேனே, அந்த நினைவு வந்தது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை. வழியை அடைத்தவள் நான்.

"சேலை..." என்றேன்.

"என்ன?" என்றார் சீனர்.

"சேலைதான்... மூச்சு முட்டுது."

"யாருக்கு? உங்களுக்கா?"

"பெட்டிக்கு!" கத்தியேவிட்டேன். நாத்தனார் கரண்டியைக் கீழே போட்டாள்.

சீனர் தலையில் அடித்துக்கொண்டார். "அவுருங்க, அவுருங்க!" என்று சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பி நின்றார். "கட்டின சேலைய அவுக்கிறீங்க, நான் பாக்கக் கூடாதுலா."

தாயே கோவிச்சுக்காதே என்று கும்பிட்டு அவிழ்த்தேன். சந்தனம் காய்ந்து கம்பித் தட்டியின் கண்களை அடைத்திருந்தது. அதை ஈரத்துணியால் நானே துடைத்தேன். பின்பக்கக் கம்பிகளில் கம்பளி மாதிரித் தூசி, நடுவில் செவ்வந்தி இதழ்கள். அவர் பிரஷ் போட்டுச் சுரண்டி எடுத்தார். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிவைத்தார்.

"நாளைக்கு வந்து ஒரு ஆரஞ்சு குடிப்பேன். அதான் என் கூலி. யாரும் கதவைத் திறக்கக் கூடாது, சரியா?"

அன்று முழுக்க நான் பெட்டிக்குக் காவல். பிடித்து வந்த லோரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, வீட்டுக்காரர் மூன்று தடவை கைப்பிடிக்கு வந்தார்.

"இப்ப ஜில்லுன்னு ஆயிருக்கும், ஒரு தடவை பாக்குறேனே."

"தொட்டீங்க, வடை கிடையாது!"

அவர் தங்கையைப் பார்த்தார். அவள், "என்னைப் பாக்காதீங்கண்ணே, எனக்கும் அதே சட்டம்தான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியின் இடைவேளையில் கதவைத் திறந்தேன். புகை மாதிரிக் குளிர் முகத்தில் அடித்தது. பாட்டில்களெல்லாம் வேர்த்து நின்றன. சீனர் ஒன்றைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டு, "மாப்பிள்ளை வீட்டுல சம்மதம்!" என்றார்.

நாத்தனார் ஒரு மடக்குக் குடித்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, பல்லு கூசுது!" அதைவிட நல்ல வார்த்தையை அவள் எனக்குச் சொன்னதில்லை.

பந்துக் குழுத் தலைவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "அடுத்த வாரமும் போட்டி இருக்கு. ஆர்டர் யாருகிட்ட சொல்லணும்?"

நாத்தனார் வாயில் பாட்டிலோடு என் பக்கம் கை காட்டினாள்.

"எத்தன பெட்டி?" என்று கேட்டேன். திடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.