கருந்துளைக்குச் சொன்ன ஸ்தோத்திரம்

அம்மாவிடம் எதைச் சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆலயத்துக்குப் போய்விடும். தெரிந்திருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றைப் பற்றியது என் ஆய்வு. பக்கம் என்பது வானியல்காரரின் கணக்கில்தான். அங்கிருந்து ஒளி வந்து சேரவே பல கோடி ஆண்டுகள் பிடிக்கும். அதன் நடுவைத் தூசி மூடியிருக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று அந்தத் தூசியைச் சூடாக்குவதால் அகச்சிவப்பில் பளிச்சென்று தெரிகிறது. சூடாக்குவது கருந்துளையா, புதிதாகப் பிறக்கும் நட்சத்திரங்களா என்பதுதான் கேள்வி. வலுவான எக்ஸ்-கதிர் தூசியைத் துளைத்து வந்தால் கருந்துளை என்று நம்பலாம். விண்வெளித் தொலைநோக்கி ஒன்றின் தரவை இறக்கி, கொழும்புத்துறை வீட்டில் மேசைவிசிறிக்கு முன்னால் இருந்து பார்த்தேன். வந்திருந்தது. சொதி காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாவிடம், "கருந்துளை இருக்குது அம்மா!" என்று கத்திவிட்டேன்.

எங்கள் சபையில் பிள்ளை சோதனை பாஸ் பண்ணினாலும் வீசா கிடைத்தாலும் காணிக்கை உறையில் கடவுளுக்கு நன்றி எழுதிப் போடுவார்கள். போதகர் அதை வாசிப்பார். மகள் கருந்துளை கண்டுபிடித்ததற்காக ஒரு தாயின் ஸ்தோத்திரம் என்று அந்த ஞாயிறு வாசித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா புதுச் சேலையில் நிமிர்ந்து இருந்தார். வாசலில் ஒரு அன்ரி, "உங்கடை முற்றத்திலை நிண்டா தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

அந்தக் கிழமையே என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் கேட்டார்: "சூரியன் குமுறின நேரத்துத் தரவை வெட்டிப்போட்டுப் பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. சூரியனின் துகள்கள் கருவியில் மோதினாலும் வலுவான எக்ஸ்-கதிர் போலவே பதிவாகும். வெட்டினேன், என் கருந்துளையும் சேர்ந்து போய்விட்டது. மிஞ்சியது சூடான வாயுவின் மெல்லிய எக்ஸ்-கதிர். நட்சத்திரங்கள் பிறந்து வெடிக்கும் இடங்களில் வருவது அது. கருந்துளை இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. இருக்கிறது என்று சொல்ல இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆய்வைத் திருத்தி எழுதலாம். சபைக்கு முன்னால் அம்மாவை எப்படித் தலைகுனிய விடுவது? கடைசியில் அம்மாவிடமே சொன்னேன்.

"அப்ப நடுவிலை என்னதான் இருக்கு?"

"நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கு அம்மா. நிறைய. அதை விடுங்கோ, ஆர் கேக்கப்போகினம்?"

"கடவுளுக்கு முன்னாலை பிழையாச் சொல்லிப்போட்டுப் பேசாமல் இருக்கேலாது பிள்ளை."

அடுத்த ஞாயிறு போதகர் அம்மாவின் உறையை எடுத்தார். ஒருமுறை தனக்குள் படித்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, உரக்க வாசித்தார்: "போன கிழமை சொன்ன கருந்துளை பிழை. அங்கே நட்சத்திரங்கள் பிறக்கின்றன. சுகப்பிரசவங்களுக்காக ஸ்தோத்திரம்."

சபை சிரித்தது. அம்மா அதே சேலையில், அதே நிமிர்வோடு இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.