ஏழுக்கு ஒன்று வாட்டம்

வாட்டம் என்றால் உங்களுக்கு முகவாட்டம்தான் நினைவுக்கு வரும். எங்கள் கொத்து வேலையில் வாட்டம் என்பது தரையின் சரிவு. மொட்டைமாடியில் விழுகிற மழை தேங்காமல் குழாய்க்கு ஓட வேண்டுமே, அதற்காகக் கண்ணுக்குத் தெரியாத அளவு சரித்துத் தளம் போடுவோம். இருபத்தைந்து வருடமாக இராஜாக்கமங்கலம் பக்கம் நான் போட்ட எந்த மாடியிலும் தண்ணீர் நின்றதில்லை. என் வீட்டு மாடியில் மட்டும் நிற்கிறது. அது எப்படி என்றுதான் சொல்லப்போகிறேன், பிள்ளைகளே.

என் மகளிடம் ஒரு சின்னத் தொலைநோக்கி உண்டு. மரப்பெட்டியின் மேல் உட்காரவைத்துக் கையால் திருப்புகிற வகை. நிலாவில் உள்ள குழிகளையும் சனியின் வளையத்தையும் அதில்தான் நானும் என் மனைவியும் பார்த்தோம். கண்ணால் பார்க்க அது போதும். படம் எடுக்கத்தான் போதாது. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. மங்கலான ஒன்றைப் படம் பிடிக்க இரண்டு நிமிடமாவது கேமராவைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நட்சத்திரம் ஓடி, படத்தில் கோடாக விழுந்துவிடும்.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே, கடலுக்கு மேலே, ஒரு நட்சத்திரக் கூட்டம் வரும். வெறும் கண்ணுக்கு மங்கின ஒரு பொட்டு. உள்ளே பல லட்சம் நட்சத்திரங்கள் இருக்கின்றன என்று மகள் சொன்னாள். வானம் பார்ப்பவர்கள் சேர்ந்த அவளுடைய செல்போன் குழுவில் ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர், அது தன் ஊரில் அடிவானத்துக்கு மேலேயே வராது, நீதான் கொடுத்துவைத்தவள் என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. அந்தக் கூட்டத்தை ஒரு படம் எடுக்க வேண்டும், நட்சத்திரமெல்லாம் உருண்டையாக விழ வேண்டும். மே மாதம்தான் அது முன்னிரவில் நன்றாக மேலே நிற்கும். ஜூன் பிறந்தால் இங்கே மழை. அதே ஜூனில் அவள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள்.

மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்த அவள் மாமா, அங்கே ஒருவர் உபயோகித்த ஒரு கருவியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். மவுண்ட் என்பார்கள். தொலைநோக்கியைத் தாங்கிக்கொண்டு, நட்சத்திரம் போகிற வேகத்திலேயே மோட்டாரால் மெல்லத் திருப்பும். ஒரே ஒரு நிபந்தனை. அதன் அச்சு நேராகத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கே மிகத் தாழ்வாக, எட்டு டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே தெரியும்.

முதல் நாள் எடுத்த படத்தை மகள் கொண்டுவந்து காட்டினாள். "எல்லாம் புழு கணக்கா இருக்குப்பா. இது பதினஞ்சுக்குக் கீழ குனியாது. நம்ம ஊருக்கு எட்டுல்லா வேணும்."

வடக்கு நாடுகளை நினைத்துச் செய்த கருவி அது. அங்கெல்லாம் துருவ நட்சத்திரம் உயரத்தில் இருக்கும். நம்மூர் வானத்துக்குக் குனிய அதற்குத் தெரியவில்லை. கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துப் பார்த்தோம், ஆடியது. சரிவுக்கட்டை என்று ஒன்று விற்கிறார்களாம், வெளிநாட்டிலிருந்து வர ஜூலை ஆகுமாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது, நீங்கள் நினைத்தீர்களே, அந்த வாட்டம்.

எனக்குப் பத்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. டிகிரி என்றால் கை ஓடாது. எத்தனைக்கு எத்தனை என்று சொல்லு மக்கா என்றேன். அவள் கணக்குப் போட்டாள். மவுண்டைப் பதினாறில் வைத்துக்கொண்டு, அதற்கு அடியில் இருக்கிற மேடையை வடக்கே எட்டு டிகிரி சரித்தால், மிச்சம் எட்டு. எட்டு டிகிரி சரிவு என்றால் ஏழுக்கு ஒன்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று எத்தனை வாசலில் போட்டிருக்கிறேன். பதினான்கு அங்குல மேடை, இரண்டு அங்குல வாட்டம், இதற்கா வெளிநாட்டுக் கட்டை?

மறுநாளே மாடியில் செங்கல் தூண் எழுப்பி, தலையில் கான்கிரீட் போட்டு, போல்ட்டை நட்டு, வாட்டம் பிடித்துக் கரண்டியால் தேய்த்தேன். ஒரு வாரம் நனைத்தோம். எட்டாம் நாள் மவுண்டை ஏற்றி முறுக்கினோம். இருட்டியதும் மகள் முட்டுப்போட்டு, அச்சுக்குள் இருக்கிற சின்னக் குழலில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"அப்பா, இது தென்னைக்கு மேல எங்கயோல்லா பாக்குது."

நான் பார்த்தேன். போல்ட்டைத் திருகினேன். மறுபடி பார்த்தேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி வாளியிலிருந்து ஒரு கப் தண்ணீரை மொண்டு மேடையில் ஊற்றினாள். தண்ணீர் அழகாகத் தெற்கே ஓடி, தரையில் இறங்கி, மூலையில் இருக்கிற குழாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

"வடக்க சாய்க்கணும்னு மனசு சொல்லியிருக்கு. கை தன்னால குழாயப் பாத்துப் போயிட்டு" என்றாள். "பழகின மாடுல்லா."

உண்மைதான். இருபத்தைந்து வருடப் பழக்கம். குறைக்க வேண்டிய எட்டைக் கூட்டி வைத்திருந்தேன். கருவி இருபத்துநான்கில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. மே முடிய இன்னும் ஒன்பது நாள். மகள் அழுவாள் என்று பயந்து திரும்பினேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழுவில் இதைப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று காலில் விழாத குறை.

விடிந்ததும் உளி எடுத்தேன். நான் போட்ட கான்கிரீட் என்பதால் சாமானியத்தில் உடையவில்லை, அதில் ஒரு பக்கம் பெருமையும் இருந்தது. இம்முறை மகள் சாக்பீஸால் வடக்கே பெரிதாக ஒரு அம்பு போட்டாள். அம்பின் முனையில் என் மனைவி "இஞ்ச" என்று எழுதினாள். சீக்கிரம் இறுகுகிற கலவை போட்டு, மூன்று நாள் விட்டு, முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். வடக்கே ஓடியது. அன்று இருட்டியதும் குழலுக்குள் பார்த்தால், இரண்டு தென்னைக்கும் நடுவே துருவ நட்சத்திரம் நிற்கிறது.

தெற்கே மட்டும் மேகம் விடவில்லை. இரண்டு ராத்திரி சும்மா உட்கார்ந்து கடலை கொறித்தோம். மூன்றாம் நாள் எட்டரை மணிக்குக் கடல்காற்று மேகத்தைத் தள்ளிவிட்டது. மகள் கேமராவைத் திறந்தாள். இரண்டு நிமிடம் யாரும் நடக்கக் கூடாது, மாடி அதிரும் என்றாள். என் மனைவி தும்மலை முந்தானையால் அடக்கிக்கொண்டாள்.

கேமராவின் சின்னத் திரையில் படம் வந்தது. மகள் அதைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். ஓரத்தில் இருந்த நட்சத்திரம்கூட உருண்டை.

"புட்டுமாவு சிந்தினது கணக்கா இருக்கு" என்றாள் என் மனைவி.

மகள் என் தோளில் சாய்ந்து, "அப்பா, கோடே இல்ல" என்றாள். அதையே நாலு தடவை சொன்னாள். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

மழை நான்காம் நாள் வந்தது. மவுண்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தாயிற்று. மேடையில் விழுந்த தண்ணீர் வடக்கே ஓடி, குழாய்க்குப் போகும் வழியைத் தூண் மறிப்பதால், மாடிப்படிக் கதவடியில் குளமாக நிற்கிறது. தள்ளிவிட்டு வாருங்கள் என்று என் மனைவி துடைப்பத்தை என் கையில் தந்தாள். விடுதியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் மகள் கேட்பது ஒன்றுதான், "தண்ணி வடக்கதானே நிக்குது?" ஆமாம் மக்கா, வடக்கேதான் நிற்கிறது.